அல்சர் என்று சொன்னோம்

வயிற்றுப் புற்றுநோய் எலும்புக்குப் போவது ரொம்ப அபூர்வம் என்று மதுரை டாக்டர் சொன்னார். ஈரலுக்குப் போகும், வயிற்றுக்குள்ளேயே பரவும், எலும்புக்கு எப்போதாவதுதான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு வராவிட்டால் எங்களுக்கு என்ன? அப்பாவுக்கு முதுகெலும்பில் வந்திருந்தது.

ஆனால் அந்தக் கோபத்தை டாக்டரிடம் காட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி ஓட்டினார். எண்பதுகளின் கடைசியில் மதுரையில் அவருக்கு வயிற்று ஆபரேஷன் நடந்தது. கம்பெனி ஆட்கள் பக்கத்து மில்லிலும் ஆள் சேர்த்து, வேன் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பியதும் அம்மா அந்த நோய்க்கு அல்சர் என்று பெயர் வைத்தாள். நான் கல்யாணத்துக்கு நின்றேன். அந்த வியாதி இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

இரண்டு வருஷம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எனக்குப் பூ வைத்துவிட்டுப் போன அதே மாதம், அப்பாவுக்கு முதுகு வலி வந்தது. தறிக்குப் பாவு நூல் சுற்றிய கனத்த உருளையைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றோம். தைலம் தேய்த்தும் கேட்காமல் உள்ளூர் டாக்டரிடம் போனோம். அங்கே கம்பவுண்டர், மாப்பிள்ளை வீட்டுத் தெருக்காரர்.

டாக்டர் அப்பாவின் சட்டையைத் தூக்கினார். "வயித்துல இது என்ன ஆபரேஷன்?"

கம்பவுண்டர் பக்கத்திலேயே ஊசியோடு நின்றார்.

"அவியளுக்கு அல்சர் சார். இப்ப நல்லாயிருக்காவ," என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். படித்த கழுதை நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் சதைப்பிடிப்புக்கு மாத்திரை எழுதினார்.

மூன்று மாதம் அப்பா அந்த மாத்திரையை விழுங்கினார். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் முனகினார். கல்யாணத்தன்று கம்பெனித் துணியையே இடுப்பில் இறுக்கச் சுற்றி, மேலே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். தாரை வார்க்கக் குனிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ரொம்ப வலிக்காப்பா?"

"செத்த நேரந்தானம்மா," என்றார்.

மறு வாரம் அவரால் எழுந்திருக்கவே முடியாமல் மதுரைக்குக் கொண்டுபோனோம். பழைய சீட்டைப் பார்த்ததும் டாக்டர் முதுகைப் படம் எடுக்கச் சொன்னார். "குணமாக்கியிருக்க முடியாதும்மா. ஆனா முதல்லயே தெரிஞ்சிருந்தா கரண்டு வச்சு, அதான் கதிர்வீச்சு, வலியைக் குறைச்சிருக்கலாம்," என்றார். கரண்டு வைக்கத் தேதி வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்து புகுந்த வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் உண்மையைக் கொட்டினேன். வைதால் வையட்டும் என்றுதான் சொன்னேன்.

"தெரியும்மா," என்றார் அவர். "பொண்ணு பாக்க வரும்போதே தெரியும். அன்னைக்கு வேன்ல வந்து ரத்தம் குடுத்ததுல என் தம்பியும் ஒருத்தன். நீங்க சொல்லல, கேட்டா சங்கடப்படுவீகன்னு நாங்களும் விட்டுட்டோம்."

நல்ல மனுஷி. அவர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா மேல் வந்தது. என் மேல் வந்தது இன்றைக்கும் அடங்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கே தெரிந்த நோயை எங்களால் மறைக்க முடிந்தது அந்த உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் மட்டும்தான்.