ஏறுன கியர்லயே எறங்கு

மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கும் டிரைவருக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் அலுவலகத்தில் நாற்காலியில் இருப்பார், மற்றவர் நம் காலுக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கியிருப்பார். முதலாமவரிடம் சாக்குப்போக்குச் சொல்லலாம்.

எழுபதுகளின் பிற்பாதியில் சில ஆண்டுகள் நான் அந்த இருவரிடமும் வேலை பார்த்தேன். ஜவ்வாது மலையில் விளையும் புளியையும் சாமையையும் ஆலங்காயத்துக்கு இறக்க ஒரு சங்கம் இருந்தது. அதற்கு ஒரு பழைய ஜீப்பு. அதன் பின்னால், பிரேக் என்பதையே அறியாத ஒரு டிரெய்லர். ஒரே பாட்டைப் பல ஊர்களில் கேட்டு, எந்தச் சொல் எங்கே மாறுகிறது என்று சீட்டில் குறித்துவைப்பதுதான் என் உண்மையான தொழில். அந்தத் தொழிலுக்குச் சம்பளம் தருவார் இல்லை. மலையில் ஊர் ஊராகச் சுற்ற வேறு வழி தெரியாமல் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது.

சேர்ந்த அன்றே சங்கச் செயலாளர் என்னை ஜீப்பருகே அழைத்துப்போனார். கியர் பாக்ஸை ஏற்கெனவே ஒருமுறை பிரித்துப் பல் மாற்றியிருக்கிறார்களாம். வண்டி நின்றால் மலைக்காரர்கள் மூட்டைகளைத் தலையில் சுமந்து இறங்க வேண்டும். எனக்கோ வேலையும் போகும், பாட்டும் போகும். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தபா கியர் பாக்ஸ் போச்சுன்னா வண்டி ஏலத்துக்குப் போவும். நீங்க வூட்டுக்குப் போவலாம்."

இரண்டு பாடங்கள்

ஆலங்காயத்தில் எங்கள் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் முனிரத்தினத்துக்கு என் வயதுதான். யாரையும் நம்பாத முகம். முதல் நாளே எனக்கொரு விதி சொன்னார்: "ஏத்துன பாரத்தோட ஏறுற கியர்லயே எறங்கணும் சார்." நான் அதை எழுதி, கீழே ஊரையும் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து ஒடுகத்தூரில், லாரிகள் நிற்கும் இடத்து டீக்கடையில், அதே விதியை வேறு வடிவில் கேட்டேன்: "ஏறுன கியர்லயே எறங்கு."

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஒரு வாசகம் நீண்டும் குறுகியும் இரு வடிவில், எங்கள் பேச்சில் இரண்டு பாடங்களாக, கிடைத்தால், குறுகியதே பழையது, நீண்டதில் யாரோ விளக்கம் சேர்த்திருக்கிறார்கள் என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிடும். ஒடுகத்தூர்ப் பாடத்தில் மோனை இருந்தது, தாளம் இருந்தது. பழமொழிக்குரிய இறுக்கம் இருந்தது. ஆகவே ஆலங்காயத்துச் சீட்டில் முதல் இரண்டு சொற்களையும் அடைப்புக்குறிக்குள் தள்ளி, ஓரத்தில் 'இடைச்செருகல்' என்று சிவப்பு மையால் எழுதினேன். அடக்கம் போதாமல் அதை முனிரத்தினத்திடம் காட்டவும் செய்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இருக்கலாம் சார். நா வண்டிய பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், நீங்க வார்த்தைய பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றீங்க."

கருகல்

ஏற்றத்தில் வண்டியை நிறுத்துவது எவ்வளவு பாவம் என்பது பாரம் இழுத்தவர்களுக்குத் தெரியும். அன்று டிரெய்லர் நிறைய உப்பும் சிமெண்டும். என்னோடு வந்தவர் வாணியம்பாடிப் புளி வியாபாரி காதர் பாய். ஒரு வளைவில், எதிரே நடந்து வந்த தெரிந்தவரைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். கை பிரேக் அந்தப் பாரத்தைத் தாங்காது. இறங்கிக் கல் வைக்கச் சோம்பல்பட்டு, கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, எஞ்சினை உறுமவிட்டே வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைத்தேன். பாயின் ஒரு நிமிஷத்தில் ஒரு கல்யாணமும் இரண்டு சம்பந்திச் சண்டைகளும் அடங்கியிருந்தன.

முதலில் ஒரு நெடி வந்தது. பிறகு கால் மிதிக்கும் பலகை சுட்டது. எரியும் கிளட்ச் வழுக்கி, வழுக்கி, திடீரென்று ஒரு கணம் பிடிக்கும். அந்தப் பிடியில் டிரெய்லரின் முழுப் பாரமும் சம்மட்டியடி போலக் கியர் பல்லில் இறங்கும். அப்படி ஓர் அடி விழுந்தது. 'ணங்' என்ற அந்த ஓசையில் செயலாளரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எஞ்சினை அணைத்து, கியரிலேயே விட்டு, பாயைக் குதிக்கச் சொல்லிச் சக்கரங்களுக்குக் கல் கொடுக்கவைத்தேன். பல் தப்பியது. சுற்றிலும் காடு தவிர வேறொன்றுமில்லை. பாய் மூக்கைச் சுளித்துக்கொண்டு நாலாபுறமும் பார்த்தார்: "இங்க ஒரு வூடும் காணோமே சார், தோசை எங்க தீயுது?"

மோர்

மழை பெய்த மறுநாள் நானும் வண்டியும் ஓடை ஒன்றைக் கடந்தோம். தண்ணீர் வண்டியின் அடிவயிறு வரை இருந்தது. நடு ஓடையில் சக்கரம் மணலில் திணற, சற்று நேரம் நின்று மீண்டு, அக்கரையிலேயே இரவு தங்கினோம். வெகு தூரம் ஏறிச் சூடான கியர் பெட்டி குளிர்ந்த நீரில் நின்றால், மூச்சுத்துளை வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று முனிரத்தினம் சொல்லியிருந்தார். ஆகவே மறுநாள் காலை, பாரம் ஏற்றும் முன், பெட்டியின் மூடியைத் திருகி விரலை விட்டுப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் வெள்ளையாக நுரைத்திருந்தது.

அன்று முதல் பாரம் மலைக்காரர் சின்னாண்டியுடையது. அந்த ஆண்டில் அவர் மரங்கள் காய்த்த புளி முழுவதும் மேட்டில், பாதையோரத்தில் மூட்டைகளாக அடுக்கியிருந்தது. வானமோ மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த எண்ணெயோடு இழுத்தால் பல் தேயும், ஆலங்காயத்திலிருந்து புது எண்ணெய் வரும்வரை வண்டி அசையாது என்றேன். அவர் கோபப்படவில்லை. மேலே போய் மூட்டைகள்மேல் பனையோலையைப் பரப்பிவிட்டு இறங்கி வந்து, என் விரல்நுனியை உற்றுப் பார்த்தார். அவர் கேட்டது என் சீட்டுகளில் இன்றும் இருக்கிறது: "மோரு குடிச்ச வண்டிக்கு எம் புளி சேருமா, டைவர் சாரு?"

எறக்கம்

எண்ணெய் வாங்க ஆலங்காயத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். பழையதை வடித்துப் புதியதை ஊற்றி, ஓடைக்கரையிலிருந்து வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மூட்டைகள் இருந்த மேட்டுக்கு ஏறி வந்தேன். பாரமில்லாத வண்டி இரண்டாவது கியரில் பாடிக்கொண்டே ஏறியது. சின்னாண்டியின் புளி முழுவதும் ஏறியது. அவரும் என் பக்கத்தில் ஏறினார். இறக்கத்தின் தலையில் நான் ஒரு கணம் யோசித்தேன். ஏறியது எந்தக் கியர்? இரண்டாவது. பாடம் என்ன சொல்கிறது? ஏறுன கியர்லயே எறங்கு. இரண்டாவதில் இறங்கினேன்.

முதல் வளைவுவரை வாசகம் சரியாகவே இருந்தது. இரண்டாவது வளைவில் டிரெய்லர் பின்னாலிருந்து எங்களைத் தள்ளத் தொடங்கியது. எஞ்சின் அலறியது, மிதிக்க மிதிக்கப் பிரேக் மெத்தென்று ஆயிற்று. முதல் கியருக்கு மாற்றக் கிளட்சை மிதித்தேன். இரண்டாவது விலகியது, முதலாவது நுழையவில்லை. பற்கள் ஒன்றையொன்று கடித்து நறநறவென்றன. இப்போது வண்டி எந்தக் கியரிலும் இல்லை. புளியின் கையில் இருந்தது. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துச் சுற்றைக் கூட்டி, மறுபடியும் இரண்டாவதையே முட்டித் தள்ளினேன். ஓர் அடி விழுந்தது, நுழைந்தது. ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, மண்மேட்டில் வண்டியைத் தேய்த்து நிறுத்தினேன். சின்னாண்டி எப்போது குதித்தார் என்று தெரியவில்லை. நான் பார்த்தபோது நான்காவது சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

மீதி இறக்கத்தை, அந்தப் பாரத்தோடு ஏறியிருந்தால் போட்டிருக்க வேண்டிய முதல் கியரில், மாடு போகும் வேகத்தில் இறங்கினோம். அடிவாரம் தெரிந்த பிறகு சின்னாண்டி, என்னைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தபடி சொன்னார்: "மாட்டுக்குக்கூடத் தெரியும் சாரு, போவ சொல்லோ வெறும் வண்டி, வர சொல்லோ பாரம்னு."

சல்லடை

முனிரத்தினம் கியர் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தார். செயலாளர் அருகில் கைகட்டி நின்றார். அவருக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு ஒன்று அகப்பட்டால் பல் உடைந்தது என்று பொருள். வண்டியும் நானும் சின்னாண்டியின் அடுத்த ஆண்டுப் புளியும் அந்தத் துண்டோடு போவோம். எண்ணெய் நூலாக இறங்கி, சொட்டாகி, நின்றது. துணியில் மினுமினுப்பாகப் பொடி மட்டும் இருந்தது. முனிரத்தினம் அதை விரலால் தேய்த்தார். பிறகு மேல்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பார்த்தார். முதல் கியரின் முனைகள் மழுங்கியிருந்தன, அவ்வளவுதான்.

"எந்தக் கியர்ல எறங்குனீங்க?" என்று செயலாளர் என்னைக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். "ஏன்?" என்றார். சட்டைப்பையில் சிவப்பு மை போட்ட சீட்டு இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் முனிரத்தினத்திடம் கொடுத்தார். முனிரத்தினம் அடைப்புக்குறிமேல் விரலை வைத்தார்; அந்த இடத்தில் எண்ணெய் விரலின் ரேகை பதிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் காப்பாற்றவும் ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது அவருக்கு: "கியர்ல பல்லு கொறையலிங்க. சாரு சீட்டுலதான் ரெண்டு வார்த்த கொறைஞ்சிடுச்சு. அத வெச்சுட்டா வண்டி ஓடும்."

இடைச்செருகல் என்று எந்தச் சொல்லை நீக்கப் போனாலும், அது எவ்வளவு பாரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் பார்க்கிறேன்.