மோட்டார் பார்க்க, பெர்த்திலிருந்து சைனிக்புரி வரை

போன நவம்பரில் சைனிக்புரியில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. அதைப் பார்ப்பதற்காக ஜனவரி இரண்டாம் வாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து நான் போய்வந்தேன். ஹைதராபாத்தில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சம் இல்லை என்பது எனக்கும் தெரியும், சிரிக்காமல் மேலே படியுங்கள்.

மோட்டாருக்குச் சொந்தக்காரர் என் மாமனார். ராணுவத்தின் சப்ளைப் பிரிவில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்திரண்டு. என் மனைவி ஷோபனா அவருடைய ஒரே மகள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஷோபனா வருஷத்துக்கு ஒருமுறை தனியாகப் போய்வருவாள், நான் பெர்த்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். நவம்பரில் அவளிடம் போனில், "மோட்டார் ஓடலை. இங்க ஒருத்தனுக்கும் ஒழுங்கா வேலை தெரியலை. வர்றப்ப அவரையும் கூட்டிட்டு வா" என்றாராம். அவர் என்றால் எவர் என்று ஷோபனா மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட் போட்ட நாளிலிருந்து ஒரே கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அவர் கூப்பிட்டது மருமகனையா, மெக்கானிக்கையா? இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுப் பயணத்துக்கு வருகிறேன்.

என் அப்பா செகந்திராபாத் பக்கத்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் அங்கேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஓய்வு நாளில் கல்யாணம், கோயில் விசேஷம் என்று மைக்செட் வேலைக்கும் போவேன். அப்படி ஒரு பொங்கல் விழாவில், மேடையில் ஷோபனா பாடிக்கொண்டிருந்தபோது மைக் அணைந்துவிட்டது. சரிசெய்து கொடுத்தேன். அவள் பாட்டைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அணைந்ததே நன்றாக இருந்தது. இதை அவளிடமே சொன்னேன், சிரித்தாள், அவ்வளவுதான், ஆள் காலி.

இரண்டு மாதம் கழித்து அவள் தந்த கேசட்டைத் திருப்பிக் கொடுக்க சைக்கிளில் சைனிக்புரி போனேன். ஒர்க்‌ஷாப் நீல யூனிபார்ம், சட்டைப் பையில் டெஸ்டர். கேட்டில் அவள் அப்பாவே நின்றிருந்தார். "யாரு?" என்று அவர் கேட்க, உள்ளிருந்து ஓடி வந்த ஷோபனா, "மெக்கானிக்பா. மோட்டார்ல சத்தம் வருதுன்னு நான்தான் வரச் சொன்னேன்" என்றாள். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய் அதே வழியாகத் திரும்பினேன். தோட்டத்துக் குழாயடியில் வைத்திருந்த அலுமினிய டம்ளரில் மோர் கிடைத்தது. அன்றைக்கு வலித்தது. ஆனால் அடுத்த வாரமே அந்த வீட்டிலிருந்து மெக்கானிக்குக்கு ஆள் வந்தது, வலி போய்விட்டது.

அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் எதுவும் உருப்படியாக ஓடவில்லை. ஃபேன், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, எல்லாவற்றையும் ஷோபனா பதம் பார்த்தாள். அதிகம் அடிபட்டது மோட்டார்தான். கெபாசிட்டர் வயரைப் பிடுங்கிவிடுவாள், மோட்டார் உர்ரென்று முனகும், சுற்றாது. நான் போய் மாட்டிவிட்டு, "பழைய மோட்டார் சார், அடிக்கடி வந்து பாக்கணும்" என்பேன். மேஜருக்கு என்மேல் அபார நம்பிக்கை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் என்னைச் சிபாரிசு செய்தார். விஷயம் வெளியே வந்த அன்று, "மெக்கானிக்கை வீட்டுக்குள்ள விட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனே போனோம், பிறகு பெர்த். அங்கே இன்றும் நான் ரயில் பெட்டிகளைத்தான் பழுதுபார்க்கிறேன்.

இப்போது பயணம். சென்னையில் இரண்டு நாள் தங்கிவிட்டு மாலை ரயில் பிடித்தோம். மூன்றாம் வகுப்பு ஏசி, ஆளுக்கு 1,120 ரூபாய். காலை ஏழு ஐம்பதுக்கு செகந்திராபாத். ஸ்டேஷனை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் தூங்கி விழுந்த பெஞ்சுகள் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே ஓட்டல் அறை, நாள் ஒன்றுக்கு 2,400. குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்கு மெட்ரோ ஏறினோம். செகந்திராபாத் ஈஸ்ட்டிலிருந்து மெட்டுகுடாவுக்கு 11 ரூபாய். அங்கிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் லாலாகுடா குவார்ட்டர்ஸ்.

காதலித்த காலத்தில் ஷோபனா இங்கே வந்ததே இல்லை. யாராவது பார்த்தால் வம்பு. நாங்கள் இருந்த குவார்ட்டரில் இப்போது ஒரு தெலுங்குக் குடும்பம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் பிறந்து வளர்ந்த வீடு என்று சொன்னதும், "ரண்டி, ரண்டி" என்று உள்ளே அழைத்துவிட்டார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. நான் சுவரில் அடித்த கொக்கியில் அவர்கள் பால் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஷோபனா சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். "இதுல ஆறு பேரா? எங்க படுத்தீங்க?"

"ஷிஃப்ட் போட்டுத் தூங்கினோம்."

அவள் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ என்னைக் கூட்டிட்டு வந்திருக்கணும். நான் வந்திருப்பேன்" என்றாள். அந்த வயதில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை என்று ஒத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு ஆட்டோ. மல்காஜ்கிரி, நேரேட்மெட் வழியாக சைனிக்புரி ஒன்பது கிலோமீட்டர், 190 ரூபாய் பேசினோம். நேரேட்மெட் பக்கம் ஒரு மேடு வரும், சைக்கிளில் அதை ஏறும்போதெல்லாம் இந்தக் காதல் தேவையா என்று யோசித்திருக்கிறேன். ஓட்டுநர் பேச்சுக்காரர். "உதர் கோன் ஹை சாப்?" என்று, அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என விசாரித்தார்.

"ஸசுரால்" என்றேன். மாமனார் வீடு. இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சொல்லை முதல் முதலாக வாய்விட்டுச் சொன்னது ஓர் ஆட்டோக்காரரிடம்.

அவர் உடனே வண்டியை ஓரம் கட்டினார். "ஸசுரால் கோ காலி ஹாத் நக்கோ ஜாவ் சாப்." வெறுங்கையோடு போகக் கூடாதாம். எதிரிலேயே மிட்டாய்க் கடை. அரைக் கிலோ காஜு கத்லி, 520 ரூபாய். என் ஒரு கையில் டெஸ்டர், ஸ்பேனர் இருந்த பை, மறு கையில் மிட்டாய்ப் பெட்டி. எந்தக் கையை முன்னே நீட்டுவது என்று தெரியாமல் கேட்டருகே இறங்கினேன்.

அவரே வந்து திறந்தார். மெலிந்திருந்தார், முதுகு மட்டும் அப்படியே நேராக இருந்தது. மகளின் தலையைத் தொட்டார். மிட்டாய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மோட்டார் பின்பக்கம்" என்றார்.

சரி, மெக்கானிக்தான் என்று மனம் விழுந்துவிட்டது. பக்கவாட்டுச் சந்து வழியாகவே போனேன். ஷோபனா முகம் சிவந்து ஏதோ சொல்ல வந்தாள், வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பின்பக்கம் போனால் தோட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது. தொட்டி மண்ணெல்லாம் ஈரம். இரண்டு மாதமாக மோட்டார் ஓடாத வீடு. சுவிட்சைப் போட்டேன், உர்ர் என்றது, சுற்றவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். கெபாசிட்டர் வயர் கழன்றிருந்தது. கழன்ற முனையில் புத்தம்புது இன்சுலேஷன் டேப், கத்தரிக்கோலால் நறுக்கி, சுருக்கமில்லாமல் சுற்றியிருந்தது. கழற்றிய ஸ்க்ரூ ஒரு காகிதத்தில் மடித்து பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. தானாகக் கழன்ற வயர் தனக்குத்தானே டேப் சுற்றிக்கொள்ளாது. மகள் பிடுங்கிப் போடுவாள். மேஜர் முறைப்படி கழற்றி வைத்திருந்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. ஸ்க்ரூவைப் போட்டு முடுக்க இரண்டு நிமிடம்தான் ஆகும், நான் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவர் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

நான் எழுந்தபோது பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவர் நின்றிருந்தார். "கை கழுவிட்டு இப்படியே உள்ள வாங்க. காபி ஆறுது" என்றார். அந்த வீட்டின் ஹாலில் அன்றுதான் முதல் முதலாக உட்கார்ந்தேன். அவர் நாற்காலிக்கு எதிர் நாற்காலி. பீங்கான் கப்பில் காபி. தனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொண்டே மூன்று காஜு கத்லி சாப்பிட்டார்.

"என்ன கோளாறு?" என்றார், கப்பைப் பார்த்துக்கொண்டே.

"வயர் லூஸ் சார்."

"நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் இந்த வீட்ல எதுவுமே ரிப்பேர் ஆகலை" என்றார். கப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஃபேன்கூட" என்றார்.

ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். "பழைய மோட்டார் சார். அடிக்கடி வந்து பாக்கணும்" என்றேன்.

"அடுத்தது எப்போ?"

"ஜூலையில சார்."

"சரி" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டு, அவர் பேப்பர் படிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செகந்திராபாத் பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால் கம்பியில். டேப் விஷயத்தை இறங்கிய பிறகுதான் சொல்ல முடிந்தது. ஸ்டேஷன் ரோட்டில் நின்று அழுது சிரித்துவிட்டு, "ஸ்க்ரூவை மடிச்சு வெச்சிருந்தாராமே, என்னைவிட நீட்டா செஞ்சிருக்கார்" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பல ரயில்கள் இப்போது செகந்திராபாத்துக்குப் பதில் சர்லப்பள்ளியில் நின்றுவிடுகின்றன, டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சைனிக்புரிக்கு மெட்ரோ கிடையாது, மெட்டுகுடாவிலிருந்து ஆட்டோதான் வசதி, 200 ரூபாய்க்குமேல் கொடுக்காதீர்கள். டெஸ்டர், ஸ்பேனர் போன்றவற்றைக் கையில் எடுத்துப் போகும் பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். ஜனவரியில் வெயில் இதமாக இருக்கும். ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ரொம்ப வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், அங்கிருந்து வரும் சாக்கு எவ்வளவு சப்பையாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். சாக்கு சொல்ல அவர்களும் வெகுநாள் யோசித்திருப்பார்கள்.

ஜூலைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. போன வாரம் மாமனார் போன் செய்தார், ஷோபனாவுக்கு இல்லை, நேராக எனக்கு. கீசர் சூடாகவில்லையாம்.