போஸ்னானின் ஆடுகளும் கால் கிலோ கசகசாவும்

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு மேத்தன் மணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்மநாபசுவாமி கோவில் பக்கம், பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி ஒரு பழைய கடிகாரம். அதன் மேலே தாடி வைத்த ஒரு முகம், இரு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறப்பார், ஆடுகள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். போன தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் அந்தத் தாடிக்காரர் நான்தான்.

ஒரு பக்கம் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் என்னோடு இருக்கும் அப்பா, வயது எழுபத்தெட்டு. மறு பக்கம் போலந்தின் போஸ்னான் நகரத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் தம்பி ஹரி. அம்மா தை மாதம் போனபோது அவனுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அது கையில் இல்லாமல் கிளம்பினால் திரும்ப நுழைய முடியுமா என்று தெரியாமல் அவன் வரவில்லை. அம்மாவுக்கு அப்பாவே கொள்ளி வைத்தார். "இனிமே அவன் வரவே வேண்டாம்" என்று அன்றைக்குச் சொன்னதோடு ஹரியிடம் அப்பாவின் பேச்சு நின்றுவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. "அட்டை பெரிசா, அம்மா பெரிசா?" என்று போனில் கேட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அதன் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "அவன்கிட்ட கேளு", "அப்பாகிட்ட சொல்லு." வருகிற தையில் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. அதற்காவது ஹரி வர வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. போனில் கேட்டால் மழுப்புகிறான். சரி, நேரிலேயே பிடிப்போம் என்று ஆபீஸில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு நவம்பர் எட்டாம் தேதி அதிகாலையில் கிளம்பினேன். வளைகுடா வழியாக வார்சா, போய்வர 72,000 ரூபாய்.

வார்சாவிலிருந்து போஸ்னானுக்கு ரயிலில் சுமார் 300 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 85 ஸ்லோட்டி. நான் போனபோது ஒரு ஸ்லோட்டிக்கு ஏறக்குறைய 23 ரூபாய். வழியெல்லாம் தட்டையான வயல்கள், நடுநடுவே இலை உதிர்ந்த மரங்கள். இந்தப் பகுதிக்கு வீல்கோபோல்ஸ்கா, அதாவது பெரிய போலந்து, என்று பெயர். போலந்து என்ற நாடு தொடங்கியதே இங்கேதான் என்பார்கள். ஸ்டேஷனில் ஹரி நின்றிருந்தான். முன்னைவிட இளைத்திருந்தான். "குளிர்றதா அக்கா? ஜாக்கெட் ஜிப்பைப் போட்டுக்கோ, கேட்டோ" என்றான். நான் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். 'சரியா' என்பதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் அந்த 'கேட்டோ' காதில் விழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

பத்தாம் தேதி ஹரிக்கு வேலை இருந்ததால் தனியாகச் சுற்றினேன். டிராமில் பதினைந்து நிமிடத்துக்கான டிக்கெட் நான்கு ஸ்லோட்டி. ஏறியதும் அதற்கான கருவியில் பதிய மறக்காதீர்கள். வார்த்தா ஆற்றின் நடுவே உள்ள ஆஸ்ட்ரூவ் தும்ஸ்கி தீவில் செங்கல் பேராலயம் இருக்கிறது. அதன் நிலவறையில் நாட்டின் முதல் அரசர்களின் கல்லறை எச்சங்களைப் பார்க்கலாம். கூட்டமே இல்லை. கீழே நின்றபோது அம்மா ஞாபகம் வந்தது, சீக்கிரமே மேலே ஏறி வந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பயந்து கொண்டுதான் போனேன், பயந்தது வீண். இந்த ஊரின் பெருமையே தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு. அதோடு பாலாடைக்கட்டியை க்ரீம் விட்டுப் பிசைந்து, வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு, மேலே ஆளிவிதை எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். பிரி ஸ் க்ஷிகியெம் என்று கேட்க வேண்டும். 29 ஸ்லோட்டி. தயிர் சாதத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். மாவடு ஒன்று இருந்திருந்தால் இன்னொரு தட்டு வாங்கியிருப்பேன்.

மறுநாள் நவம்பர் பதினொன்று. நாட்டுக்குச் சுதந்திர தினம், போஸ்னானுக்குப் புனித மார்ட்டின் நாள். ஹரிக்கு விடுமுறை. பதினொன்றே முக்காலுக்கெல்லாம் பழைய சந்தைச் சதுக்கத்தில் நகர மண்டபத்துக்கு எதிரே போய் நின்றுவிட்டோம். பக்கத்திலேயே தோளில் தண்ணீர்ப் பாத்திரங்களைச் சுமக்கும் ஒரு பெண்ணின் சிலை. முந்நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியின் பாம்பெர்க் பகுதியிலிருந்து குடியேறிய விவசாயிகளின் நினைவாம். அந்த வம்சத்துப் பெண்கள் விழா நாளில் தலையில் வைக்கும் பூ அலங்காரத்தை ஊர்வலத்தில் பார்த்தேன். அதன் முன்னால் நம் கல்யாணப் பெண்ணின் தலை வெறும் தலை.

அந்த மண்டபக் கடிகாரத்திலும் இரண்டு ஆடுகள் உண்டு. சதுக்கத்துக்கு நான் வந்ததே அதைப் பார்க்கத்தான், அப்பாவுக்கும் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கதை சொன்னார். கடிகாரத் திறப்பு விழா விருந்தில் சமையல்காரர் இறைச்சியைக் கருக விட்டுவிட்டாராம். பதறிப் போய் யாருடையதோ இரண்டு ஆடுகளைத் திருடி வர, அவை தப்பித்து மண்டபத்தின் உச்சியில் ஏறி ஒன்றையொன்று முட்டத் தொடங்கினவாம். கூட்டம் சிரித்துவிட்டது.

"சமையல்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"மன்னித்துவிட்டார்கள். ஆடுகளையும்தான்" என்றார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். நம் ஊரில் அப்போது மாலை நாலரை. ஹரி மெல்ல நகரப் பார்த்தான். "நீ பேசு அக்கா. நான் அப்பறம் பேசிக்கறேன்."

"எனக்குப் பசிக்கறது. நீயே காமி" என்று போனை அவன் கையில் திணித்துவிட்டு நான் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. முட்டு வாங்கி வாங்கிக் கன்னம் வலித்தது, அவ்வளவுதான். பின்னால் அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. "ஆடு வந்துடுத்தா?" பத்து மாதத்துக்குப் பிறகு அப்பா மகனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மேலே கதவு திறந்து ஆடுகள் வந்தன. பன்னிரண்டு முட்டு. சுற்றியிருந்த குழந்தைகள் சத்தமாக எண்ணினார்கள். நான் ஆட்டைப் பார்க்கவில்லை, ஹரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் வரிசையில் நின்று மார்ட்டின் ரோகல் இரண்டு வாங்கினேன், ஒன்று 15 ஸ்லோட்டி. பிறை வடிவத்தில் கனமான ரொட்டி, உள்ளே கசகசாவும் பாதாம் பருப்பும் திராட்சையும் அரைத்த பூரணம். முட்டை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபோதும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"நம்மூர் ஆடு கன்னத்துலன்னா முட்டும், அப்பா. இது நேருக்கு நேர்."

"அதனால என்ன? நம்மது மணிக்கு மணி முட்டும். இது மத்தியானம் மட்டும்தானே? சோம்பேறி ஆடு."

வெள்ளைக் குதிரையில் மார்ட்டின் வேடக்காரர் வரும் ஊர்வலத்தைப் பார்க்க ஒரு கிலோமீட்டர் நடந்தோம். பாதி வழியில் ஹரி நின்றான். "அக்கா, அன்னிக்கு அப்பா கொள்ளியை ரெண்டு தடவை கீழே போட்டுட்டாராம்" என்றான். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். அதற்குப் பிறகும் அப்பாவோடுதான் இருக்கிறேன். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. என்னிடம் வந்ததெல்லாம் புகார்கள் மட்டும்தான். துக்கத்தை மகனிடம் சொல்வதற்காகவே அப்பா வைத்திருந்திருக்கிறார். "நான் போன்ல அப்படிக் கேட்டிருக்கப்படாதுடா" என்றேன். "சாரமில்ல அக்கா, விடு" என்றான். இருவருமே அழுதோம். குளிரில் எல்லோருக்கும் மூக்கு சிவந்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அன்று மாலை ரோகலின் பூரணத்தைத் தனியாக எடுத்து வாயில் போட்டுவிட்டு, "அம்மாவோட கசகசா அல்வா மாதிரியே இருக்கு. அப்பாக்கு ரெண்டு கட்டித் தரேன், எடுத்துண்டு போ" என்றான். முட்டையை விடுங்கள், வளைகுடா வழியாகப் போகும் பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது. அங்கே சில நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். அதைச் சொல்லிவிட்டு, "அப்பாக்கு வேணும்னா நீயே வந்து கிண்டிக் குடு" என்றேன்.

மிச்ச ரோகலைத் தட்டில் மூடி வைத்தான். பிறகு கேட்டான், "நம்மூர் சாலைக் கடைத்தெருவுல கசகசா கிடைக்குமோல்லியோ?"

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பதினொன்றாம் தேதி பெரிய கடைகள் மூடியிருக்கும், பாலும் ரொட்டியும் முதல் நாளே வாங்கி வையுங்கள். ஆடுகளைப் பார்க்க இருபது நிமிடம் முன்னாலேயே போய் நில்லுங்கள். சைவக்காரர்கள் 'பெஸ் மியென்சா' என்று சொல்லிக் கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். கசகசாவை ஊரிலிருந்து கொண்டு போகவும் வேண்டாம், அங்கிருந்து ரோகல் கொண்டு வரவும் வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் தகவல் சொல்லும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லது செய்வதாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

நான் ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை அப்பா தனியாக ஆட்டோ பிடித்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். சமையலறை மேடையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், கால் கிலோ கசகசா. ஹரி எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறான் என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.