நாற்பத்தேழாம் எண் ஃபைல்

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலத்தோட்ட முதலாளியின் ஆபீசில் எனக்கு வேலை. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். அந்தத் தெருவிலேயே அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தலைகால் புரியாமல் ஆடிய காலம். முதலாளியே மிஷின் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

மலையில் அவருக்கு மேல்காடு, கீழ்க்காடு என்று இரண்டு தோட்டங்கள். இரண்டின் ஆள் பதிவேடுகளையும் ஜீப்பில் இறக்கினார்கள். பூஞ்சணம் பிடித்து நாறின. ஓர் ஆளுக்கு ஒரு ஃபைல், ஆளின் எண்தான் ஃபைலின் பெயர் என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்து தட்டினேன். மேல்காடு ஒரு பிளாப்பியில், கீழ்க்காடு இன்னொன்றில். இரண்டு காட்டுக்கும் எண்கள் ஒரே வரிசையில் ஓடியதால் ஒன்றோடொன்று மோதாது என்று நம்பினேன்.

பிறகு எல்லாவற்றையும் மிஷினுக்குள் ஒரே டைரக்டரியில் சேர்க்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். வேண்டியதை வரிவரியாக எழுதிவைத்தால் மிஷின் தானாகச் செய்துகொண்டே போகும். டைரக்டரியை உண்டாக்கு, மேல்காட்டை நகலெடு, கீழ்க்காட்டை நகலெடு, இரண்டு பிளாப்பியையும் துடைத்துவிடு. துடைக்கும் முன் ‘நிச்சயம்தானா?’ என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று நானே முன்கூட்டிப் பதில் எழுதிவைத்தேன். கை வைக்காமலே வேலை முடிவதை முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்ற கொழுப்பு, வேறொன்றுமில்லை.

இத்தனை ஃபைல் நகலானது என்று திரையில் இரண்டு முறை வந்தது. டைரக்டரிக்குள் மொத்தம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. பதிவேடுகள் மலைக்கே திரும்பிப் போய், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அடுப்பில் எரிந்தன.

மறு வருஷம் தோட்டம் கைமாறியது. பத்து வருஷம் வேலை செய்தவர்கள் மட்டும் தோட்டம் கொடுத்த லயத்து வீடுகளில் இருக்கலாம், மற்றவர்கள் காலி செய்ய வேண்டும் என்றார் புது முதலாளியின் மேனேஜர். வாய்ச் சாட்சி செல்லாது, மிஷினில் இருந்தால் சரி. பட்டியலை நான்தான் அச்சடித்தேன்.

நான்காம் நாள் மேல்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பட்டியலில் அவள் பெயர் இல்லை. மேனேஜர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாப்பத்தேழு, அப்பு. எம்பேரு இல்லாம இருக்காது. நல்லாப் பாரு” என்றாள்.

நாற்பத்தேழைத் திறந்தேன். அதில் இருந்தது இவள் மகள். கீழ்க்காட்டில் நாலு வருஷ வேலை, கல்யாணமாகி நின்றுவிட்டாள் என்று இருந்தது. தாயார் என்ற இடத்தில் மட்டும் இவள் பெயர்.

“அது எம்மவதான். புது நம்பர் கேட்டா முதலாளி தரமாட்டாருன்னு கங்காணி அவளயும் என் நம்பர்லயே சேத்துவிட்டாரு. நான் மேக்காட்டுல, அவ கீழ்க்காட்டுல. எங்க பக்கம் பல வீட்டுல அப்படித்தான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே பெயரில் இரண்டாவது ஃபைல் வந்தால் மிஷின் முதல் ஃபைலின் மேல் எழுதிவிடும். கேட்கவும் கேட்காது. தாயின் மேல் மகள் எழுதப்பட்டிருந்தாள். விஷயம் தெரிந்த கங்காணியும் செத்துப் போயிருந்தார்.

“பதினேழு வருசம் அப்பு. பாம்பு கடிச்சு ஒம்பது நாளு வரல, அதக்கூட எழுதியிருப்பாகளே” என்று சேலையைச் சற்றே தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள்.

எழுதியிருந்தார்கள். ‘சர்ப்பம் தீண்டி ஒன்பது நாள் வரவில்லை’ என்று யாரோ ஒரு பழைய கிளார்க் முத்து முத்தாக எழுதிய வரி. ‘சர்ப்பம்’ என்ற சொல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நான்தான் அதைத் தட்டினேன். அந்தப் பக்கத்தின் கறைகூட எனக்கு ஞாபகம் இருந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “பதிவேட்டைத் தட்டுனது நீதான? இந்தம்மா பேரு பாத்த ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்று சொன்னால் ஃபைல் எங்கே என்று கேட்பார். என் பேட்ச் ஃபைலைச் சொல்ல வேண்டும். வேலை போகும்.

“இல்ல சார்” என்றேன்.

இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று சொல்லி, டைரக்டரியை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மேனேஜர் எழுந்து போய்விட்டார். அந்த வாரமே லயத்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றும், தேவாரம் என்ற ஊரில் மகளின் மாமியார் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் அவள் படுத்துக்கொள்கிறாள் என்றும் ஜீப் டிரைவர் சொல்லிப் பின்னால் கேள்விப்பட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அங்கே போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை.

அன்று கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். “பரவால்லப்பு. எனக்காவ இம்புட்டு நேரம் தேடுனியே, நீ நல்லா இருக்கணும்.”

நான் தேடவே இல்லை.