ஒரகடம் கேட்டில் மாட்டிக்கொண்ட லினக்ஸ்

ஒரகடம் தொழிற்பேட்டைக்குள் யாருக்காவது எதையாவது கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். போன செவ்வாய்க்கிழமை நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

என் தங்கை மகள் கவிதாவுக்கு அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அச்சடிக்க, ரிஸ்க்-ஃபைவ் என்ற புதுவகைப் பிராசஸர் வைத்த உள்ளங்கை அகலப் போர்டுகளை வாங்கியிருக்கிறார்கள். பிராசஸர் மாறினால் லினக்ஸில் உள்ள ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கென்று மறுபடி உருவாக்க வேண்டும். மற்றதெல்லாம் தயார், ஸ்டிக்கர் பிரிண்டருக்கானது மட்டும் இல்லை. அதை லீவு நாளெல்லாம் உட்கார்ந்து கவிதா செய்தாள். யோசனைகளில் பாதி என்னுடையவை. எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் ரேடியோ பிரித்த கைக்குக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்.

அன்று மதியம் ஒரு மணிக்கு மேனேஜர் முன்னால் ஒரு ஸ்டிக்கராவது வர வேண்டும். வராவிட்டால் போர்டுகள் திரும்பிப் போகும், அவள் உழைப்பு மொத்தமும் வீண். அந்த லினக்ஸ் இருந்த மெமரி கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் பத்தேகாலுக்குப் பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு மணி நேரம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான் குரல் கொடுத்திருக்காவிட்டால் பஸ் அங்கேயே நின்றிருக்கும். இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"எந்த கேட்டு பெரியவரே? மெட்டீரியலா, ஸ்டாஃபா?"

"பெரிய கேட்டு."

லாரி போகிற கேட்டில் இறக்கிவிட்டு நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அங்கிருந்து மதில் ஓரமாகவே வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடை.

ஸ்டாஃப் கேட் செக்யூரிட்டி என் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு கார்டை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா கீது இதுல?"

"தம்பி, இந்தக் கம்பெனியோட மூளையே இதுலதான் கீது. நெனச்சா ப்ரொடக்‌ஷன் லைனையே நிறுத்திடலாம்."

அவர் கார்டை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். "மெமரி கார்டுன்னா மேனேஜர் கையெழுத்தோட விட்டிருப்போம். நீ லைனை நிறுத்துற கார்டுன்றே. எப்படி உள்ள விடறது?"

போன் செய்தேன். கவிதா வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மெமரி கார்டுன்னு மட்டும் சொல்ட்டு வாய மூடிக்கினு இருக்கக் கூடாதா மாமா?"

அப்போதே மணி பன்னிரண்டரை. அவள் கண் செக்யூரிட்டி மேஜைக்குப் போனது. விசிட்டர் பாஸ் அடிக்க அங்கே ஒரு ஸ்டிக்கர் பிரிண்டர். லைனில் இருக்கிற அதே பிரிண்டர்.

"கார்டு உள்ள வரக் கூடாது, அவ்ளோதானே? போர்டு வெளிய வரலாமில்ல?"

வரலாம், மூன்று கையெழுத்து வேண்டுமாம். பனியன் நனைந்து நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒருவழியாகப் போர்டோடு மேனேஜரும் வந்தார். செக்யூரிட்டி டிராயரைத் திறந்து கொடுத்த கார்டைக் கவிதா போர்டில் சொருகி, அவருடைய பிரிண்டரையும் மானிட்டரையும் அதில் மாட்டினாள். திரையில் எழுத்து ஓடி நின்றது.

"எதையாவது அடிங்க" என்றார் மேனேஜர்.

"இந்தப் பெரியவருக்குப் பாஸே போடல. அதையே அடிம்மா" என்றார் செக்யூரிட்டி.

என் பெயரோடு ஸ்டிக்கர் வந்தது. மேனேஜர் கிழித்து என் சட்டையில் ஒட்டினார். "நாளைக்கு லைன்ல மாட்டிடலாம் கவிதா."

செக்யூரிட்டி கதவைத் திறந்தார். "இப்ப நீ உள்ள போலாம். கார்டு இங்கியே இருக்கட்டும்."

போகிறவர்கள் எந்த கேட் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையும் தண்ணீரும் வேண்டும். கேட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தப் பாஸ் இப்போது என் வீட்டு பீரோவில் ஒட்டியிருக்கிறது. ரிஸ்க்-ஃபைவில் அச்சான உலகத்தின் முதல் ஸ்டிக்கர் அது என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். கவிதா பக்கத்தில்தான் இருக்கிறாள், இதுவரை மறுக்கவில்லை.