ஊசிவால் வாத்தைப் பார்த்த நாள்

அடுத்த வீட்டுக்காரர் சமையலறையை நீட்டிக் கட்டுகிறார். நேற்று லாரி வந்து, மழையில் நனைந்த மணலை வாசலில் கொட்டிவிட்டுப் போனது. வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. துருவும் சேறும் கலந்த, குளிர்ந்த வாடை. ஈயம் தோண்டிய பழைய குட்டையின் மணல். காப்பிக் குவளையை வைத்துவிட்டு எழுந்து, எதற்கென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ஈய விலை விழுந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய காலம். பத்து காஜா ஊருக்கு அப்பால், தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாகக் கிடந்தன. நமக்கு ஏது இலையுதிர் காலம்? ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதுகூட தை, மாசியில்தான். வடக்கே குளிர் தொடங்கிவிட்டது என்பதை அக்டோபர் கடைசியில் அந்த ஏரிகளில் வந்து இறங்கும் வாத்துகள்தான் சொல்லும்.

அதை எனக்குச் சொன்னவன் என் கூட்டாளி. ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஒரே லாரியில் சாமான்களோடு சிலிபினுக்கு வந்தவர்கள் நாங்கள். நான் ஓர் அலுவலகத்தில் கோப்பு தூக்கினேன். அவன் சுரங்கத்தில் பம்பு பார்த்தான். வால் ஊசிபோல நீண்ட வாத்து ஒன்றைப் பம்புக் கொட்டகையிலிருந்து கண்டதாக முந்திய ஆண்டு சொன்னான். அடகுக்கடைத் தொலைநோக்கியும் ஒரு பறவைப் புத்தகமும் வைத்திருந்த நான் நம்பவில்லை. ஊசிவால் வாத்து எங்கள் பக்கம் வருவது அவ்வளவு அபூர்வம்.

சுரங்கம் மூடியதும் அவனுக்குச் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. கிளம்ப வேண்டிய நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டான். "அந்த வாத்த ஒனக்குக் காட்டாம நான் பஸ் ஏறமாட்டேன்லா," என்றான். விளையாட்டுப் பேச்சுதான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் போய்விட்டால் என் அறையில் பேசுவதற்கு மின்விசிறிதான் மிச்சம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, விடிந்ததும் அவன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். கூடையில் மீகூன் சேமியாப் பொட்டலமும் ஒரு தேங்காயும் இருந்தன.

"தேங்கா எதுக்குடா?"

"முனிக்கு, மச்சான். தூரமா போறவன் சொல்லிட்டுப் போவணும்ல?"

சுரங்கத்தில் வேலை பார்த்த நம்மவர்கள், ஏரிக்கரையில் ஒரு கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டி முனியாண்டியாக நிறுத்தியிருந்தார்கள். வெளியூர் போகிற எவனும் அங்கே தேங்காய் உடைக்காமல் போனதில்லை.

அவனைக் கல்லருகே விட்டுவிட்டு லாலான் புல்லுக்குள் தவழ்ந்து போனேன். தண்ணீர் அசையவில்லை. சுண்ணாம்பு மலைகள் அதில் தலைகீழாகக் கிடந்தன. நீலச்சிறகி என்ற சின்ன வாத்துகள் ஒரு கூட்டம். அவற்றுக்கும் அப்பால், கோரையை ஒட்டி, தனியாக, அது. நீண்ட கழுத்து. கழுத்தின் வெள்ளைக் கோடு இன்னும் முழுதாக ஏறவில்லை. அது திரும்பியபோது வாலைப் பார்த்தேன். தண்ணீரில் தெரிந்த வானத்தில் பேனாவால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கீறல்.

கையசைத்து அவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பார்ப்பான். பார்த்தால் போய்விடுவான். கை தொலைநோக்கியை விட்டு வரவில்லை.

திரும்பினேன். கற்பூரம் ஏற்றிவிட்டு அவன் தேங்காயை ஓங்கிக்கொண்டிருந்தான். கத்தினால் பறவைகள் எழும்பும். கத்தாவிட்டாலும் எழும்பும்.

படீரென்றது. ஏரியே இறக்கை கட்டி எழுந்தது போலிருந்தது. ஊசிவால் மலைப்பக்கம் போய் மறையும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

தண்ணீர் சொட்டும் மூடிகளோடு ஓடிவந்தான். "போச்சா? எல்லாம் போச்சா?"

"இப்பவா ஒடைப்ப, மடையா!"

"சாமி காதுல விழ வேணாமா? சரி, அது இருந்துச்சா? பாத்தியா?"

"இல்ல," என்றேன். "எல்லாம் சின்ன வாத்துதான்."

அவன் முகம் சுருங்கியது. அன்று அதற்குப் பிறகு தொலைநோக்கி என் கைக்கு வரவேயில்லை. கொசு கடித்துத் தடித்த கழுத்தோடு அவனே தேடிக்கொண்டிருந்தான். ஆறிப்போன மீகூனுக்குத் தேங்காயைக் கடித்துக்கொண்டோம். நடுவில் ஒரு கொக்கு வந்து இறங்கியது. "ஒருவேள இதான் வேசம் போட்டு வந்திருக்கோ?" என்றான். நான் சிரித்தேன். மதியம் மழை பிடித்துக்கொண்டது.

திரும்பும் வழியெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வாத்தைக் காட்டவில்லை, ஆகவே போகமாட்டான். முப்பது வயதில் என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

சிலிபின் முச்சந்தியில் இறக்கிவிட்டான். எஞ்சினை அணைக்கவில்லை.

"அடுத்த ஞாயிறும் போலாமா?" என்றேன்.

"காலைல பஸ்சு மச்சான். டிக்கெட்டு எடுத்தாச்சு."

"காட்டாம ஏறமாட்டேன்னு சொன்னியே."

முகத்து மழையை வழித்துவிட்டுச் சிரித்தான். பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கியரைப் போட்டுவிட்டான்.

"ஏன் மூஞ்சத் தொங்கப் போடுற? அடுத்த வருசம் வந்து காட்டுறேன்லா. வாத்து எங்க போயிடும்?"