லத்தீனில் ஒரு சின்னம்மா

லண்டனுக்கு வந்த நாள்முதல் லூர்தம்மா படிவங்களோடு மல்லுக்கட்டியவள். 1986இல் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து அக்காவும் அத்தானும் ஒன்றாகப் போய்விட, அவர்களுடைய ஒன்பது வயது மகள் மேரிறோஸைக் கையில் பிடித்துக்கொண்டு மனோர் பார்க் வந்து சேர்ந்தாள். தனக்கென்று கலியாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பகலில் தையல் ஃபாக்டரி, பின்னேரம் பிள்ளை. பள்ளிக்கூடம், கவுன்சில் என்று எங்கே போனாலும் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். 'ஆன்ட்டி' என்பாள். கேட்டவரின் முகம் ஒரு படி இறங்கும். இங்கிலீஷில் மாமியும் ஆன்ட்டி, சின்னம்மாவும் ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக்காரியும் ஆன்ட்டி. அவ்வளவு பெரிய பாஷைக்கு உறவில் மட்டும் அப்படியொரு பஞ்சம்.

1999இல் மேரிறோஸுக்கு ஒரு சுவீடன்காரரோடு கலியாணம் முடிவானது. மாப்பிள்ளையில் குறையில்லை. மாதா கோயிலில், முதல் வரிசையான முன்வாங்கில், தாயின் இடத்தில் யார் இருப்பது என்பதுதான் லூர்தம்மாவின் கவலை. தான் இருந்தால் அக்காவைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தது போலாகும். ஆனால் இருக்க ஆசை, கொள்ளை ஆசை. கடைசியில் அக்காவின் படத்தை அங்கே வைக்கச் சொல்லிவிட்டாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் தாய் இங்ரிட் இவர்கள் வீட்டுக்கு வந்தார். சுவீடனில் லத்தீன் படிப்பிக்கிறவர். லூர்தம்மா தன்னை 'ஆன்ட்டி' என்றதும் அவர் விடவில்லை. தாயின் சகோதரியா, தகப்பனின் சகோதரியா என்று கேட்டார். இந்த ஊரில் அப்படி யாரும் கேட்டதில்லை. தாயின் தங்கை என்றாள் லூர்தம்மா. அப்படியானால் எங்கள் சுவீடிஷில் 'மூஸ்தெர்' என்றார் இங்ரிட். 'மூர்' என்றால் தாய், 'சிஸ்தெர்' என்றால் சகோதரி. இரண்டும் ஒட்டித் தேய்ந்த சொல்லாம். லத்தீனில் 'மாதேர்த்தேரா'. அது பெண்பால் மட்டுமே, ஆண்பால் வடிவம் கிடையாது. 'மாதேர்' என்ற தாய் அதற்குள்ளேயே இருக்கிறாள்; 'இன்னொரு தாய்' என்றுதான் பழைய ரோமர் அதற்குப் பொருள் சொன்னார்களாம்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த மேரிறோஸ் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

"சின்னம்மா, நாளைக்கு அம்மாவின்ர படத்தை நீங்கள் மடியில வைச்சிருங்கோ. இடம் உங்கட."

"அவவின்ர இடத்தில நான் எப்பிடியடி இருக்கிறது?"

"ஒன்பது வயசு வரைக்கும் அவ இருந்தவ. அதுக்குப் பிறகு ஆர் இருந்தது?"

லூர்தம்மா அழுதாள். பாஷை புரியாமலே இங்ரிட்டும் அழுதார்.

மறுநாள் நீலக் காஞ்சிபுரம் உடுத்தி, அக்காவை மடியில் வைத்துக்கொண்டு முன்வாங்கில் உட்கார்ந்தாள். தாய்மார் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்து பிள்ளையைக் கட்டிக்கொடுத்தார்கள்.